சுண்ணாம்புக்கு அடியில் ஒரு புன்னகை

சீர்திருத்தச் சபையாரின் ஆலயம் என்றதும் நம் மனக்கண்ணில் எழும் சித்திரம் ஒன்று உண்டு. நான்கு வெள்ளைச் சுவர்கள். நடுவே ஒரு பிரசங்க மேடை. சுரூபம் இல்லை, நற்கருணைப் பேழை இல்லை, மெழுகுதிரி இல்லை. கண்ணுக்கு எதுவும் தராமல் காதுக்கு மட்டுமே படியளக்கும் ஓர் இடம். "அங்கே போனால் கோயிலுக்குப் போன மாதிரியே இல்லை" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நாமும் சொல்லியிருக்கிறோம்.

அந்தச் சொல்லில் உண்மை எவ்வளவு, பழக்கத்தின் பிடிவாதம் எவ்வளவு என்று எடை போட்டுப் பார்க்க உதவும் இரண்டு சிற்றாலயங்களைப் பற்றியே இக்கட்டுரை. இரண்டும் ஹங்கேரி நாட்டின் வடகிழக்கு மூலையில், உக்ரேன் எல்லையை ஒட்டிய பெரெக் என்னும் தாழ்நிலப் பகுதியில் உள்ளன. ஒன்று சாரோடா என்ற சிற்றூரில் இருக்கிறது. மற்றது, சில கிலோமீட்டர் தள்ளி, டாக்கோஷ் என்ற சிற்றூரில். பெரிய நகரப் பேராலயங்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் உண்டு. ஏழை உழவர்கள் கூடிச் செபித்த இவ்விரு கூரைகளும் அவற்றுக்கு எள்ளளவும் குறையாத கேள்விகளை நம்முன் வைக்கின்றன.

சாரோடா: மூன்று கைகள் எழுதிய சுவர்

சாரோடா ஆலயம் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்டது. 1241ஆம் ஆண்டில் மங்கோலியப் படையெடுப்பு ஹங்கேரியைச் சூறையாடிய பின், நாடு மெல்லத் தலைநிமிர்ந்த காலம் அது. நீரோடை ஒன்று அருகே ஓட, சிறு மேட்டின்மேல் நிற்கிறது ஆலயம். சிறிய நடுக்கூடம்; அதைவிடச் சிறியதாக, நேர்கோட்டில் முடியும் திருத்தூயகம்; மேற்கே ஒரு கோபுரம்; அதன் உச்சியில் மரச்சில்லுகளால் வேய்ந்த கூர்முடி. உரோமானியக் கட்டடப் பாணி கோதிக் பாணிக்கு வழிவிடத் தொடங்கிய காலத்தின் சாயல் அதில் தெரிகிறது. கட்டியவர்கள் கத்தோலிக்கர். அங்கே இலத்தீன் திருப்பலி நடந்தது. சுவர்களில் புனிதர்கள் தீட்டப்பட்டனர்.

அந்தப் புனிதர்களை இன்று ஹங்கேரி மக்கள் 'சாரோடாவின் புன்னகைக்கும் புனிதர்கள்' என்றே அழைக்கிறார்கள். இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் ஆகியோருடன், கூலி வாங்காமல் நோய் தீர்த்த மருத்துவச் சகோதரர்களான கொஸ்மாசும் தமியானும் அங்கே நிற்கிறார்கள். இந்த இருவரும் நமக்கு அன்னியர் அல்லர். திருப்பலியின் முதலாம் நற்கருணை மன்றாட்டில் உள்ள பெயர்கள் இவை. பைசாந்தியக் கலையின் சாயலில் தீட்டப்பட்ட ஓவியங்கள்தாம். ஆயினும் அக்கலையில் நாம் எதிர்பார்க்கும் கடுமை இவற்றில் இல்லை. உதடுகளின் ஓரம் மெல்ல மேலெழுந்திருக்கிறது. வானகத்தில் இருப்பவர்கள் மகிழ்ச்சியாகத்தானே இருப்பார்கள் என்று அந்தப் பெயரறியாத ஓவியர் எண்ணியிருக்க வேண்டும். இறையியல் நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை அவர் ஒரு தூரிகைக் கீற்றில் சொல்லிவிட்டார்.

16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சீர்திருத்த அலை இப்பகுதியை அடைந்தது. ஊரே கால்வினின் போதனையை ஏற்றது. புதிய சபைக்குப் புதிய கோயில் தேவைப்படவில்லை. பழைய கோயிலே போதும். ஆனால் சுவரில் நின்ற புனிதர்களை என்ன செய்வது? 1642ஆம் ஆண்டில் அவர்கள்மேல் சுண்ணாம்பு பூசப்பட்டது.

இதுவரையில் கதை நாம் எதிர்பார்த்தபடியே போகிறது. இங்கேதான் அது திரும்புகிறது. சுண்ணாம்பு பூசிய கை அத்துடன் ஓயவில்லை. அந்த வெள்ளைச் சுவரின்மேல் அதே ஆண்டில் கொடிகளும் இலைகளும் மலர்களுமாக நாட்டுப்புறப் பாணியில் புதிய சித்திரங்கள் தீட்டப்பட்டன. உருவங்கள் வேண்டாம் என்றவர்களால் வெறுமையோடு வாழ முடியவில்லை!

1563: ஒரே ஆண்டில் இரண்டு விடைகள்

அந்தச் சுண்ணாம்புக்குப் பின்னால் வெறும் முரட்டுத்தனம் இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு வாதம் இருந்தது. கி.பி. 600ஐ ஒட்டிய காலத்தில் திருத்தந்தை பெரிய கிரகோரியார், மார்செய் நகர ஆயர் செரேனுசுக்கு எழுதிய கடிதங்களில் ஒரு கருத்தை வலியுறுத்தினார். எழுத்தறியாதவர்கள் நூல்களில் படிக்க இயலாததைச் சுவர்களில் பார்த்துப் படிக்கிறார்கள். ஆகவே படங்களை வணங்கவும் கூடாது, உடைக்கவும் கூடாது என்பது அவர் நிலை. மேலைத் திருச்சபை ஓராயிரம் ஆண்டு இந்த வழியிலேயே நடந்தது.

1563ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் வெளிவந்த ஹைடல்பெர்க் வினாவிடை நூல் இதே கருத்தை நேருக்கு நேர் எதிர்கொண்டது. பாமரருக்கு நூல்களாக இருக்கட்டும் என்று படங்களை ஆலயத்தில் விட்டுவைக்கலாமா என்று கேட்டு, கூடாது என்று அது விடை சொன்னது. ஊமைச் சிலைகளால் அல்ல, உயிருள்ள மறைபோதனையால் தம் மக்கள் கற்பிக்கப்பட வேண்டும் என்பதே இறைவனின் விருப்பம் என்பது அதன் காரணம். ஹங்கேரியின் சீர்திருத்தச் சபையார் 1567இல் டெப்ரெட்சென் நகரில் கூடி எடுத்த முடிவுகளும் இவ்வழியிலேயே சென்றன. அதே 1563ஆம் ஆண்டின் டிசம்பரில் திரிதெந்தின் பொதுச்சங்கம் தன் இறுதி அமர்வில், புனிதர்களின் படங்களை ஆலயங்களில் வைத்திருக்க வேண்டும் என்றும், அவற்றுக்குக் காட்டும் வணக்கம் அவை குறிக்கும் ஆள்களையே சேரும் என்றும் அறிவித்தது. அச்சங்கம் இதனோடு நிற்கவில்லை; மூடநம்பிக்கையும் இழிவான ஆதாயமும் அகற்றப்பட வேண்டும் என்றும் ஆணையிட்டது. சங்கத்தின் முதற்பாதியை நாம் நன்றாக நினைவில் வைத்திருக்கிறோம். பிற்பாதியை அவ்வளவாக நினைவில் வைப்பதில்லை.

ஒரே ஆண்டு, ஒரே கேள்வி, இரண்டு விடைகள். பாமரனுக்கு இறைவனைக் கற்பிப்பது எப்படி என்பதே இருவருடைய கவலையும். சீர்திருத்தச் சபையார் பாமரனின் கண்ணிலிருந்து படத்தை எடுத்ததோடு அவனைக் கைவிட்டுவிடவில்லை. அவன் கையில் ஒரு நூலைக் கொடுத்தார்கள். காரோலி காஸ்பார் மொழிபெயர்த்த முழு விவிலியம் ஹங்கேரிய மொழியில் 1590இல் அச்சேறியது. அது அச்சான இடமும் விஜோய் என்ற ஒரு சிற்றூரே. 1607இல் மொல்நார் ஆல்பெர்ட் திருப்பாடல்களை ஜெனீவா இசைக்கேற்ப ஹங்கேரியத்தில் ஆக்கித் தந்தார். படம் போன இடத்தில் பாட்டு வந்து அமர்ந்தது. எளிய உழவனும் தாவீதின் திருப்பாடல்களைத் தன் தாய்மொழியில் பாடினான். அந்தப் பேறு நம்மில் பலருக்கு இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகே கிடைத்தது என்பதை ஒப்புக்கொள்வதில் நமக்குக் கூச்சம் வேண்டியதில்லை.

டாக்கோஷ்: மண்ணும் மரமும் மலரும்

டாக்கோஷ் ஆலயத்தின் கதை வேறு. அது கத்தோலிக்கரிடமிருந்து வந்ததன்று; 1766இல் சீர்திருத்தச் சபையாரே கட்டியது. கருவாலி மரச்சட்டங்களை நிறுத்தி, இடையே விளார்களைப் பின்னி, மேலே மண் அப்பிப் பூசிய சுவர்கள். நடப்பதற்கு மிதித்து இறுக்கிய மண் தரை. பிரசங்க மேடையோ மாவரைக்கும் எந்திரக்கல் ஒன்றின்மேல் நிற்கிறது. ஆலயத்துக்கு அருகே, தனியாக, மரத்தாலான மணிக்கூண்டு.

மண்ணால் ஏன் கட்டினார்கள்? முதற்காரணம் எளிது: டிசா ஆற்றின் வண்டல் நிலத்தில் கல் கிடைப்பதில்லை, மக்களிடம் பணமும் இல்லை. மற்றொரு காரணமும் அக்காலச் சூழலில் இருந்தது. அதை ஒரு கத்தோலிக்க இதழில் சொல்லாமல் தாண்டிப்போவது நேர்மையாகாது. அன்று ஹங்கேரியை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம். 1681இல் ஷொப்ரோன் நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள், சீர்திருத்தச் சபையார் புதுக் கோயில் கட்டும் உரிமையைக் குறிப்பிட்ட சில இடங்களுக்குள் அடக்கின. 18ஆம் நூற்றாண்டு முழுவதும் கட்டுவதற்கும் பழுதுபார்ப்பதற்கும் அனுமதி தேடி அலைவது அவர்கள் தலைவிதியாயிற்று. 1781இல் பேரரசர் இரண்டாம் ஜோசப் சகிப்பு ஆணை பிறப்பித்தபோதுகூட, நூறு குடும்பங்கள் உள்ள இடத்தில் கோயில் கட்டலாம். ஆனால் அதற்குக் கோபுரமும் மணியும் கூடாது, தெருப்பக்கம் வாசலும் கூடாது என்ற நிபந்தனைகள் இருந்தன. இறைவனைத் தொழலாம், ஆனால் தொழுவது வெளியே தெரியக் கூடாது! இத்தகைய சட்டங்களின்கீழ் வாழும் சிறுபான்மையின் மனநிலை எப்படியிருக்கும் என்பதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அந்த மண்சுவருக்குள் நுழைந்து தலையை நிமிர்த்தினால் விதானம் முழுவதும் ஒரு தோட்டம். கட்டம் கட்டமாகப் பிரித்த பலகைகளில் மலர்கள், கொடிகள், கனிகள். இதைத் தீட்டியவர் ஓவியர் என்ற பட்டம் பெற்றவர் அல்லர்; லாண்டோர் ஃபெரென்ட்ஸ் என்ற தச்சர். ஊர் ஆஸ்டேலி, இன்று அது எல்லைக்கு அப்பால் உக்ரேனில் இருக்கிறது. இத்தாலிய மறுமலர்ச்சிக் கலையிலிருந்தும் துருக்கியரின் துணிகளிலிருந்தும் வந்து சேர்ந்த துலிப் மலரும் மாதுளையும் ஊர்த் தச்சனின் கையில் ஊர்ச் சொத்தாகிவிட்டன. ஹங்கேரியின் சீர்திருத்தச் சபையாரிடையே இத்தகைய மலர் விதானங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவற்றுள் சிலவற்றில் குஞ்சுகளுக்குத் தன் இரத்தத்தை ஊட்டும் கூழைக்கடாவின் உருவமும் உண்டு. பிரசங்க மேடையின் மேற்கவிகையில் அந்தப் பறவை செதுக்கி வைக்கப்படுவதும் வழக்கம். அக்குவினாவின் புனித தோமையார் தம் நற்கருணைப் பாடலில் கிறிஸ்துவை அழைத்ததும் இந்தப் பறவையின் பெயராலேயே. நற்கருணைக் கொள்கையில் பிரிந்தவர்கள் நற்கருணையின் அடையாளத்தில் மட்டும் பிரியாமல் இருந்துவிட்டார்கள்.

இருக்கைகளின் அமைப்பும் ஒரு போதனைதான். மக்கள் பிரசங்க மேடையை நோக்கி, அதன் அருகிலுள்ள ஆண்டவரின் மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். அந்த மேசையில் ஆண்டு முழுவதும் அல்லாமல் குறிப்பிட்ட திருநாள்களிலேயே அப்பமும் இரசமும் பகிரப்படுகின்றன. கிறிஸ்து பிறப்பு, உயிர்ப்பு, பெந்தகோஸ்து நாள்களோடு, அறுவடை முடிந்ததும் புது அப்பத்துக்கு ஒரு ஞாயிறும், திராட்சை பிழிந்ததும் புது இரசத்துக்கு ஒரு ஞாயிறும் உண்டு. மேசை விரிப்புகளை ஊர்ப் பெண்கள் பூவேலை செய்து காணிக்கையாக்கினார்கள். வயலும் வீடும் ஆலயமும் ஒரே மூச்சில் வாழ்ந்த சமூகம் அது. நாள்தோறும் திருப்பலி கிடைக்கும் நமக்கு அவர்களுடைய பசி புரியாமல் போகலாம். ஆனால் ஆண்டில் சில முறையே கிடைப்பதற்கு அவர்கள் ஆயத்தம் செய்த முறையை அறிந்தால், நாள்தோறும் கிடைப்பதை நாம் வாங்கும் முறையைக் குறித்துச் சற்றுச் சிந்திக்கத் தோன்றும்.

'வெறுங்கால் நோத்ருதாம்'

டாக்கோஷ் ஆலயத்துக்கு ஹங்கேரியில் ஒரு செல்லப் பெயர் உண்டு: 'வெறுங்கால் நோத்ருதாம்'. மண் தரையையும் ஏழ்மையையும் கண்டு அன்போடு இட்ட பெயர். வழிகாட்டி நூல்கள் எல்லாம் அதையே சொல்கின்றன. இந்தப் பெயரில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. பாரிஸ் பேராலயத்தை அளவுகோலாக வைத்து, அதற்குச் செருப்பில்லாத தங்கையாக இதைக் காட்டுகிறது அப்பெயர். சிறியதைப் பாராட்டப் பெரியதன் பெயரைக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது என்றால், நாம் இன்னும் சிறியதைப் பார்க்கவில்லை என்றுதானே பொருள்? அன்னை மரியாவின் பெயரைத் தாங்காத ஓர் ஆலயத்துக்கு அவருடைய பெயரை வலிந்து சூட்டுவதும் அச்சபையாரின் உணர்வுக்குப் பொருந்துவதன்று.

ஆயினும் 'வெறுங்கால்' என்ற சொல்லை மட்டும் விட்டுக்கொடுக்க மனமில்லை. ஐரோப்பியருக்கு அது வறுமையின் அடையாளம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஆலயத்துக்குள் செல்லும் நமக்கோ அது வணக்கத்தின் அடையாளம். எரியும் முட்செடியின் முன் மோசே நின்றதும் வெறுங்காலோடுதான். டாக்கோஷின் மண் தரை, வசதியின்மையால் அமைந்த தரை என்பது வரலாறு. அது புனித நிலம் என்பது அதில் நின்று செபித்தவர்கள் தந்த பொருள்.

போற்றுவதற்கு மட்டும் எழுதுவது விமர்சனமாகாது. எனக்குள்ள குறையையும் சொல்லிவிடுகிறேன். மலர் அழகானது, ஆனால் மலருக்குப் பெயர் இல்லை. கொஸ்மாசின் முகம் என்னைப் பார்த்து, "நான் கூலி வாங்காமல் நோயாளியைத் தொட்டேன், நீ என்ன செய்தாய்?" என்று கேட்கும். துலிப் மலர் அப்படிக் கேட்பதில்லை. நமக்கு முன்னே வாழ்ந்தவர்களின் முகங்களை மறைத்தபோது, விசுவாசம் என்பது மனிதர்கள் வாழ்ந்து காட்டிய ஒன்று என்ற நினைவின் ஒரு பகுதியும் மறைந்தது. அந்த இழப்பை மலர்களால் முழுவதும் ஈடுசெய்ய இயலவில்லை.

நம் பக்கக் குறையும் சிறிதன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் தந்த திருவழிபாட்டுச் சாசனம், படங்களையும் சுரூபங்களையும் வணக்கத்துக்கு வைக்கும் வழக்கத்தை நிலைநிறுத்தியது. அதே மூச்சில், அவை அளவான எண்ணிக்கையிலும் தக்க வரிசையிலும் இருக்கட்டும் என்றும், வெறும் ஆடம்பரத்தைவிட மேன்மையான அழகையே நாட வேண்டும் என்றும் சொன்னது. ஒரு பீடத்தைச் சுற்றி ஒன்பது சுரூபங்கள், ஒவ்வொன்றின் அடியிலும் உபயதாரர் பெயர் பொறித்த பளிங்குக் கல் என்று நிரப்பிவிட்டு, முகங்களின் மேன்மை பற்றிப் பேசினால் அப்பேச்சு எடுபடாது. சுண்ணாம்பு பூசாமலேயே புனிதர்களை மறைக்கும் வழிகள் உண்டு.

சுவர் சொல்வது

20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சாரோடா ஆலயத்தில் சீரமைப்புப் பணி நடந்தது. சுண்ணாம்பை மெல்ல அகற்றியபோது முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக மறைந்திருந்த புனிதர்கள் வெளிப்பட்டனர். புன்னகை மாறவில்லை. அப்போது எழுந்த கேள்வி நுட்பமானது: புனிதர்களை முழுவதும் மீட்க வேண்டுமானால் 1642ஆம் ஆண்டின் மலர்களை அழிக்க வேண்டும், மலர்களைக் காக்க வேண்டுமானால் புனிதர்கள் மறைந்தே இருக்க வேண்டும். சீரமைத்தவர்கள் இரண்டில் ஒன்றை வெற்றி பெறச் செய்யவில்லை. இன்று அதே ஆலயத்தில் புனிதர்களும் இருக்கிறார்கள், மலர்களும் இருக்கின்றன. அது இன்றும் சீர்திருத்தச் சபையின் ஆலயமே.

'சுண்ணாம்புதான் ஓவியங்களைக் காப்பாற்றியது; எல்லாம் இறைவன் செயல்' என்று இதை எளிதாக முடித்துவிடத் தோன்றும். அவ்வளவு விரைவாக ஆறுதல் அடைவது சரியன்று. சுண்ணாம்பு காப்பாற்றுவதற்காகப் பூசப்பட்டதன்று; மறைப்பதற்காகப் பூசப்பட்டது. அதுபோலவே கோபுரம் கூடாது என்ற சட்டமும் அவர்களுக்கு எளிமை கற்பிக்க இயற்றப்பட்டதன்று. அவர்களை ஒடுக்க இயற்றப்பட்டது. நன்மை விளைந்தது என்பதால் செய்த தீமை நன்மையாகிவிடாது. இரு தரப்பாரும் முதலில் இதை ஒப்புக்கொள்ள வேண்டும். நன்றி சொல்வது அதற்குப் பிறகுதான்.

அப்படி ஒப்புக்கொண்ட ஒரு நாளும் வரலாற்றில் உண்டு. 1674இல் ஹங்கேரியின் புரொட்டஸ்தாந்துப் போதகர்கள் நூற்றுக்கணக்கானோர் போஜோனி நகரில், அதாவது இன்றைய பிராட்டிஸ்லாவாவில், தனி நீதிமன்றத்தின்முன் நிறுத்தப்பட்டனர். அந்த நீதிமன்றத்துக்குத் தலைமை தாங்கியவர் கத்தோலிக்கப் பேராயர். தம் விசுவாசத்தை விட மறுத்தவர்களில் ஒரு பகுதியினர் நேப்பிள்ஸ் நகரத்துக் கப்பல்களில் துடுப்பு வலிக்கும் அடிமைகளாக விற்கப்பட்டனர். வழியிலும் கப்பலிலும் பலர் இறந்தனர். எஞ்சியவர்களை 1676 பிப்ரவரி 11 அன்று டச்சுக் கடற்படைத் தலைவர் மிக்கேல் டி ரொய்டர் விடுவித்தார். அவர்கள் நினைவாக டெப்ரெட்சென் பெரிய ஆலயத்துக்குப் பின்னால் 1895இல் ஒரு தூண் எழுப்பப்பட்டது. 1991 ஆகஸ்ட் 18 அன்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அந்தத் தூணின்முன் வந்து நின்று, மலர் வளையம் வைத்துச் செபித்தார். தம் முன்னோர் செய்த பிழைக்கு முன்னால் ஒரு திருத்தந்தை மலர்களோடு நின்ற காட்சி அது. சாரோடாவின் சுவரில் 1642இல் மலர் தீட்டியவர் அதைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

இவ்விரு சிற்றாலயங்களுக்கும் இன்று சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள், போகிறார்கள். ஊர்களோ சிறியவை. சுவரைக் காக்க வல்லுநர்கள் உண்டு. பாடலைக் காக்க அந்த ஊர் மக்களே உண்டு. ஓவியம் மீண்டும் வெளிப்பட்ட பின் அதன்முன் செபிக்க ஆள் இல்லாமற் போனால், அது இரண்டாம் முறை சுண்ணாம்பு பூசியதற்கு ஒப்பாகும்.

அன்புக்குரிய வாசகரே, அடுத்த முறை பிற சபையாரின் ஆலய வாசலைக் கடக்கும்போது, 'உள்ளே ஒன்றும் இல்லை' என்று சொல்வதற்குமுன் ஒரு கணம் நின்று தலையை நிமிர்த்திப் பாருங்கள். விதானத்தில் ஒரு தோட்டம் இருக்கலாம். பிறகு நம் ஆலயத்துக்குள் வந்து, பழகிப்போன சுரூபங்களில் ஒன்றன் முகத்தை மட்டும் நெடுநேரம் பாருங்கள். நம் கண்ணின் பழக்கமே அதன்மேல் எத்தனை அடுக்குச் சுண்ணாம்பு பூசியிருக்கிறது என்பது தெரியவரும். அதை மெல்லச் சுரண்டினால், அடியில் ஒரு புன்னகை காத்திருக்கும்.